காணாமற்போன ஒரு மின்னஞ்சல்: தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு பட்டறிவு



பள்ளிப் பணிகள் மிகுந்திருந்த காரணத்தால் சில வாரங்களாக இப்பக்கத்தில் எதுவும் எழுத இயலவில்லை. எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்த ஒரு செய்தியை இன்று எழுதிவிடுகிறேன். இது கணினி பற்றிய செய்தி போலத் தோன்றும். படித்து முடித்தால், இது நம் பள்ளி நிலத்தைப் பற்றிய செய்தி என்பது புரியும்.

முதலில் என் தந்தையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஜாசின் வட்டாரத்தில் ஓர் இரப்பர்த் தோட்டத்தின் அலுவலகத்தில் கிராணியாக இருந்தவர். காலையில் பெரட்டு முடிந்து, செக்ரோலில் பெயர் பதிந்த பிறகு, தட்டச்சுப் பொறியின் முன் அமர்வார். எந்தக் கடிதமானாலும் தாள்களுக்கிடையே இரண்டு கார்பன் தாள்களைச் செருகித்தான் அடிப்பார். மூலப்படி பெறுநருக்குப் போகும். ஒரு படி கோப்புக்குப் போகும். மெல்லிய மஞ்சள் தாளில் விழுந்த மூன்றாம் படி, நகரில் இருந்த தலைமை அலுவலகத்துக்குப் போகும். சிறுவனாக இருந்தபோது நான் அவரிடம், “அப்பா, ஒரே கடிதத்துக்கு எதற்கு மூன்று படி?” என்று கேட்டேன். “வெளியே போன கடிதம் நம்முடையது இல்லை. நம்மிடம் இருக்கிற படிதான் நம்முடையது” என்றார். அன்று எனக்கு அது விளங்கவில்லை. விளங்குவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நாம் இன்று மின்னஞ்சல் அனுப்பும்போது ‘சிசி’ என்றொரு கட்டத்தில் இன்னொருவர் முகவரியை இடுகிறோம். அவ்விரு எழுத்துகள் ‘கார்பன் காப்பி’ என்பதன் சுருக்கமே. பெயர் மட்டும் தங்கிவிட்டது. படி எடுத்துக் கோப்பில் வைக்கும் பழக்கம் போய்விட்டது.

நடந்தது என்ன?

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, பெயரிலேயே ‘தோட்டம்’ என்ற சொல்லைத் தாங்கியவை. நாட்டிலுள்ள 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை தோட்டங்களில் பிறந்தவை. அவற்றுள் பல இன்றும் பிறருக்குச் சொந்தமான நிலத்தில் நிற்பவை. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, சில, வீடமைப்புத் திட்டங்களாக மாறின. பள்ளி மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. ஆகவே, தோட்ட நிர்வாகத்துக்கும் பள்ளிக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து வெறும் கடிதப் போக்குவரத்து அன்று. அதுவே நம் பட்டா. அதுவே நம் வேலி.

நான் பணியாற்றும் பள்ளியும் அத்தகையதே. எங்கள் திடலின் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் உண்டு. பாலர் வகுப்புக்கு ஒரு கட்டடம் எழுப்ப அந்நிலத்தைப் பயன்படுத்திக்கொள்ளத் தோட்ட நிர்வாகம் 2014ஆம் ஆண்டில் இசைவு தந்தது. அப்போதைய நிர்வாகி கையொப்பமிட்ட கடிதத்தை வருடியில் வருடி, நில வரைபடத்தோடு சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பினார். அதனைப் பெற்றவர் எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அந்நாளைய செயலாளர். என் பழைய மாணவர். கூட்டத்தில் அவர் தம் கைப்பேசியிலிருந்து அக்கடிதத்தைப் படித்துக் காட்டியதும், எல்லோரும் கைதட்டியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கூட்டக் குறிப்பில் ஒரே ஒரு வரி: ‘தோட்ட நிர்வாகத்தின் இசைவு கிடைத்தது’. படி இணைக்கப்படவில்லை. மூலப்படி தபாலில் வரும் என்று நிர்வாகி எழுதியிருந்தாராம். அது வந்ததா, வந்து எங்கே போயிற்று என்பது யாருக்கும் தெரியவில்லை.

பிறகு பணம் போதவில்லை. அதன்பின் கொவிட் பெருந்தொற்று வந்தது. திட்டம் அப்படியே கிடந்தது. 2023ஆம் ஆண்டில் நல்லுள்ளம் கொண்ட ஒருவர் கட்டட நிதிக்குக் கைகொடுக்க முன்வந்தார். கட்டட விண்ணப்பத்தோடு நில உரிமையாளரின் எழுத்துமூல இசைவையும் இணைக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் தேடத் தொடங்கினோம்.

முதலில் பழைய செயலாளரை அழைத்தேன். அவர் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறார்.

“சார், அந்த மெயில் எனக்கு கம்பெனி அட்ரசுக்குத்தான் வந்துச்சு. 2019ல வேலையை விட்டுட்டேன். லேப்டாப்பு, போனு எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டு வந்தேன். மெயிலும் அதோட போயிடுச்சு சார்” என்றார்.

“உன் சொந்த முகவரிக்கு ஒரு படி அனுப்பி வைக்கவில்லையா, தம்பி?”

“தோணவே இல்ல சார். எப்பத் தேடினாலும் கிடைக்கும்னு இருந்துட்டேன்.”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எப்போது தேடினாலும் கிடைக்கும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

அவர் வேலை செய்த சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தை அணுகினோம். அன்பாகவே பதில் சொன்னார்கள். வேலையை விட்டவருக்கு மாதச் சந்தா கட்டுவானேன் என்று அவர் கணக்கை அப்போதே நீக்கிவிட்டார்களாம். அடுத்து, பணி ஓய்வு பெற்ற எங்கள் தலைமையாசிரியரைக் கேட்டோம். அவருக்கும் ஒரு படி போயிருந்தது. ஆனால், பணியில் இருந்தபோது வைத்திருந்த கணக்கு பணியோடு முடிந்துவிட்டது. பொருளாளர் ஓர் இலவச மின்னஞ்சல் முகவரி வைத்திருந்தார். பல ஆண்டுகளாகத் திறக்காமல் விட்டதால், உள்ளே இருந்தவை அனைத்தும் அழிக்கப்பட்டிருந்தன. ஆக, மூன்று பேரிடம் இருந்த ஒரு கடிதம், மூன்று பேரிடமும் இல்லை.

இறுதியில் வேறு வழியின்றித் தோட்ட நிறுவனத்தின் கோலாலம்பூர்த் தலைமை அலுவலகத்தை அழைத்தேன். அந்நாளைய நிர்வாகி அங்கே இல்லை. தொலைபேசியை எடுத்தவர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. “பள்ளியின் பெயர் என்ன, ஐயா? எந்த ஆண்டு?” என்று மட்டும் கேட்டார். அரை மணி நேரத்தில் அக்கடிதம் வரைபடத்தோடு என் முகவரிக்கு வந்து சேர்ந்தது. வரைபடத்தில் திடலோரத்து நிலம் சிவப்புக் கோட்டால் குறிக்கப்பட்டிருந்தது.

மகிழ்ச்சியோடு படித்தவன், கடைசிப் பத்தியில் திகைத்துப் போனேன். ‘இக்கடிதத்தின் தேதியிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் கட்டட வேலை தொடங்கப்படாவிடில் இவ்விசைவு செல்லாது’ என்று இருந்தது. கடிதத்தின் தேதி 2014 மார்ச்சு. நான் அதைப் படித்தது 2023 செப்டம்பர். எஞ்சியிருந்தது ஆறு மாதம். கூட்டத்தில் அந்த வரி படிக்கப்பட்டிருக்கலாம். கைதட்டலில் யார் காதிலும் விழவில்லை.

ஏன் காணாமற்போகிறது?

ஆயர் கெரோவில் ஒரு கணினி நிறுவனத்தில் பணிபுரியும் இன்னொரு முன்னாள் மாணவரிடம் இதைச் சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கியவற்றை, நான் புரிந்துகொண்ட அளவில் இங்கே தருகிறேன்.

இன்றைய அலுவலக மின்னஞ்சல் பெரும்பாலும் நம் அலுவலகக் கணினியில் இருப்பதில்லை. கூகிள், மைக்ரோசாப்ட் போன்ற நிறுவனங்களின் வழங்கிகளில் இருக்கிறது. இதனை மேகக் கணிமை என்கிறோம். சந்தா கட்டி, ஓர் அறையை வாடகைக்கு எடுத்தாற்போலப் பயன்படுத்துகிறோம். வாடகை நின்றால் அறை காலியாகும். நிறுவன நிர்வாகி ஒரு பயனர் கணக்கை நீக்கினால், மைக்ரோசாப்ட் 365இல் பொதுவாக 30 நாளுக்குள் அதனை மீட்கலாம். கூகிள் வொர்க்ஸ்பேசில் அக்கெடு 20 நாள். அதன்பின் மீட்பு இல்லை.

கணக்கு இருக்கும்போதே அஞ்சலை அழித்தாலும் இதே கதைதான். ஜிமெயிலில் குப்பைத்தொட்டிக்குப் போன அஞ்சல் 30 நாளில் தானாக அழியும். அலுவலகக் கணக்கானால், அதற்குப் பின்னும் 25 நாள்வரை நிர்வாகி மீட்கலாம். மைக்ரோசாப்டில், குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்ட பிறகு, இயல்பாக 14 நாள். நிர்வாகி அமைத்தால் 30 நாள்வரை. இலவசக் கணக்குகளைப் பொறுத்தவரை, இரண்டாண்டுகள் பயன்படுத்தாத தனியார் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் நீக்குவதாகக் கூகிள் அறிவித்தது. யாஹூ மின்னஞ்சலில் 12 மாதம் நுழையாமல் இருந்தாலே பெட்டி காலியாகக்கூடும்.

“அத்தனை பெரிய நிறுவனங்கள் காப்புநகல் எடுத்து வைக்க மாட்டார்களா?” என்று கேட்டேன்.

“எடுப்பாங்க சார். அவங்க மெஷின் கெட்டுப் போனா சேவை நிக்கக்கூடாதுன்னு எடுப்பாங்க. நீங்களே அழிச்சதை அஞ்சு வருஷம் கழிச்சுத் திருப்பிக் கொடுக்கறதுக்கு இல்ல. நீங்க அழிச்சா அவங்க எல்லாப் படியிலயும் அழியும்” என்றார்.

மைக்ரோசாப்ட் தன் சேவை ஒப்பந்தத்திலேயே, பயனர்கள் தம் கோப்புகளைத் தாமே அவ்வப்போது காப்புநகல் எடுத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறது. நாம்தான் ஒப்பந்தத்தைப் படிக்காமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்துகிறோம்.

தோட்ட நிறுவனத்திடம் மட்டும் எப்படி இருந்தது? அவர்கள் மூன்றாம் தரப்பு ஆவணக்காப்புச் சேவை ஒன்றை வைத்திருந்தார்கள். வரும் அஞ்சல், போகும் அஞ்சல் ஒவ்வொன்றுக்கும் அந்த நொடியிலேயே ஒரு படி, வேறொரு நிறுவனத்தின் பாதுகாப்பில் உள்ள பேழைக்குப் போய்விடும். அனுப்பியவர் தம் பெட்டியில் அழித்தாலும் அங்கே அழியாது. ஆள் வேலையை விட்டுப் போனாலும் அஞ்சல் போகாது. பெயர், தேதி, சொல் எதைக் கொடுத்தும் தேடலாம். என் தந்தையார் அடித்த மூன்றாம் மஞ்சள் படி இதுதான் என்று எனக்குப் பட்டது.

ஆவணக்காப்பு வேறு, காப்புநகல் வேறு என்பதையும் அவர் சொன்னார். காப்புநகல் என்பது குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை அஞ்சல்பெட்டி முழுவதையும் படியெடுத்து வைப்பது. பெட்டி பழுதானால் பழைய நிலைக்குக் கொண்டுவர உதவும். ஆவணக்காப்பு என்பது ஒவ்வொரு கடிதத்தையும் மாற்ற முடியாதவாறு காலமெல்லாம் வைத்திருப்பது. சான்று தேடும்போது உதவும். முன்னது தீயணைப்புக் கருவி, பின்னது பதிவேடு. பள்ளிக்கு இரண்டும் வேண்டும்.

பிறர் பட்ட பாடு

இது நம் சிறு பள்ளியின் கவனக்குறைவு மட்டும் என்று எண்ண வேண்டா.

2011 பிப்ரவரியில் ஜிமெயில் மென்பொருளில் நேர்ந்த ஒரு பிழையால், 0.02 விழுக்காட்டுப் பயனர்களின் பெட்டிகள் காலியாயின. கூகிள் அவற்றை மீட்டது இணையத்திலிருந்த படிகளிலிருந்து அன்று. தனியே எடுத்து வைத்திருந்த காந்த நாடாக்களிலிருந்து.

2024 மே மாதத்தில், ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட யூனிசூப்பர் என்னும் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியத்தின் தனியார் மேகம், கூகிள் கிளவுடில் நேர்ந்த அமைப்புப் பிழையால் நீக்கப்பட்டது. அம்மேகம் நீங்கியபோது அதனுள் வைத்திருந்த படிகளும் நீங்கின. மீட்புக்கு உதவியவற்றுள் ஒன்று, வேறொரு நிறுவனத்திடம் அவர்கள் வைத்திருந்த காப்புநகல்.

2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்கத் தரவு மையம் ஒன்று தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தம் பணிக் கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைட் அளவுள்ள சேமிப்பகம் எரிந்து போயிற்று. அதற்கு வெளியே காப்புநகல் இல்லை. பல ஆண்டு உழைப்பு ஓரிரவில் சாம்பலாயிற்று.

நம் தமிழுக்கே நேர்ந்த இழப்பு ஒன்று உண்டு. ஒரு காலத்தில் இணையத்தில் தமிழ் வளர்ந்தது மின்னஞ்சல் குழுக்களில்தான். சுங்கைப்பட்டாணியில் வாழ்ந்த மறைந்த மருத்துவர் செயபாரதி அவர்கள் நடத்திய ‘அகத்தியர்’ குழுவை நம்மில் பலர் அறிவர். கோயில், கல்வெட்டு, இலக்கியம் என அக்குழுவில் வந்த மடல்களை நான் இரவு நேரங்களில் காத்திருந்து படித்திருக்கிறேன். அது யாஹூ குழுமத்தில் இயங்கியது. யாஹூ நிறுவனம் 2019 அக்டோபரில் குழுக்களில் புதியன ஏற்றுவதை நிறுத்தியது. சேமித்தவற்றைப் பதிவிறக்கிக்கொள்ளச் சில மாதம் கெடு கொடுத்தது. 2020 டிசம்பர் 15ஆம் நாள் சேவையையே மூடியது. இன்று எஞ்சியிருப்பவை, குழு உறுப்பினர்களும் ஆர்வலர்களும் தத்தம் கணினியில் எடுத்து வைத்த படிகள் மட்டுமே. படி எடுக்கப்படாத குழுக்கள் இருந்த சுவடே இல்லை.

எடுத்து வைத்தாலும் படிக்க முடிய வேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களைக் கொண்டு திஸ்கி முதலிய குறியேற்றங்களில் எழுதிய மடல்கள் என்னிடம் சில உள்ளன. இன்று திறந்தால் எழுத்துகள் புரியாத குறிகளாய்த் தெரிகின்றன. எழுத்து மாற்றியின் வழி யூனிகோடுக்கு மாற்றிய பிறகே தமிழாயின. ஆகவே, சேமிப்பு என்பது ஒருமுறை செய்து மறக்கும் வேலை அன்று. அவ்வப்போது திறந்து பார்க்கவும் வேண்டும்.

மலாக்காவே சொல்லும் பாடம்

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதனை எப்படி விளக்குவது என்று எண்ணியபோது, நம் ஊர் வரலாறே கைகொடுத்தது. 1641இல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றினர். டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினி தன் கடிதங்களைப் பல படி எழுதி, வெவ்வேறு கப்பல்களில் அனுப்பும் வழக்கமுடையது. ஒரு கப்பல் மூழ்கினாலும் இன்னொன்று கரைசேரும் என்பது கணக்கு. அக்கும்பினியின் ஆவணங்கள் நெதர்லாந்திலும், ஜகார்த்தாவிலும், கொழும்பிலும், கேப்டவுனிலும், நம் சென்னையிலும் இருக்கின்றன. 2003இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. டச்சுக் கால மலாக்காவைப் பற்றி நாம் பலவற்றை அறிந்திருப்பது, படிகள் கடல் கடந்து வேறு வேறு இடங்களில் இருந்ததால்தான்.

கணினித் துறையினர் இதையே 3-2-1 விதி என்கின்றனர். மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒரு படி வேறிடத்தில். என் தந்தையாருக்கு இவ்விதியின் பெயர் தெரியாது.

நாங்கள் இப்போது செய்வது

அந்நிகழ்வுக்குப் பிறகு எங்கள் சங்கமும் பள்ளி வாரியமும் சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டன. பிற பள்ளிகளுக்கும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

1. சங்கத்துக்கெனச் சொந்த இணையப் பெயரில் ஒரு மின்னஞ்சல் கணக்கு. செயலாளர், பொருளாளர் என்று பதவியின் பெயரில் முகவரி. ஆளின் பெயரில் அன்று. பொறுப்பு மாறும்போது கடவுச்சொல்லும் மாறும். அஞ்சல்பெட்டி அப்படியே இருக்கும். தம் வேலையிடத்து முகவரியிலிருந்து யாரும் சங்க வேலை செய்வதில்லை.

2. அக்கணக்குக்கு மூன்றாம் தரப்புக் காப்புநகல் சேவை. ஒரு கணக்குக்கு மாதம் சில வெள்ளிதான் ஆகிறது. சேர்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டோம்: நம் தரவு எந்த நாட்டில் வைக்கப்படும்? நாம் விலகினால் எல்லாவற்றையும் பொதுவான கோப்பு வடிவில் திருப்பித் தருவீர்களா? கணக்கு நிர்வாகியே அழிக்க முயன்றாலும் படி தங்குமா?

3. சந்தா கட்ட வசதியில்லாத பள்ளிகள் கவலைப்பட வேண்டா. கூகிளின் ‘டேக்அவுட்’ வசதியின் வழி அஞ்சல்பெட்டி முழுவதையும் ஒரே கோப்பாகப் பதிவிறக்கலாம். ‘தண்டர்பேர்டு’ என்னும் இலவச மென்பொருளிலும் படி எடுக்கலாம். ஒன்றை மட்டும் மறவாதீர். கைப்பேசியிலும் கணினியிலும் அஞ்சல் தெரிவதாலேயே படி இருப்பதாக எண்ணக்கூடாது. அது கண்ணாடியில் தெரியும் உருவம். மூலம் அழிந்தால் அதுவும் அழியும். தண்டர்பேர்டில், கணினியிலேயே தங்கும் தனிக் கோப்புறைக்கு அஞ்சலைப் படியெடுத்தால்தான் அது நம்முடையது.

4. நிலம், கட்டடம், நிதி தொடர்பான அஞ்சல் எதுவானாலும் அன்றே அச்சிட்டுக் கோப்பில் சேர்ப்பது. கூட்டக் குறிப்பில் முழுப் படியையும் இணைப்பது. கெடுத் தேதி இருந்தால், அதனைச் சிவப்பு மையில் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதுவது.

5. ஆண்டுக்கு இருமுறை மீட்புப் பயிற்சி. பள்ளியில் தீயணைப்புப் பயிற்சி நடத்துவதுபோல, பழைய அஞ்சல் ஒன்றைத் தெரிவு செய்து, ‘இதைக் காப்புநகலிலிருந்து எடுத்துக் காட்டுக’ என்கிறோம். முதல் முறை எங்களால் முடியவில்லை. கடவுச்சொல் தவறாக எழுதி வைக்கப்பட்டிருந்தது. அன்று அது தெரிந்தது நல்லதாயிற்று.

எச்சரிக்கைகள் இரண்டு. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கல்வி அமைச்சு வழங்கும் ‘டெலிமா’ கணக்கு அமைச்சுக்குரியது. அதனை நாமாக வெளிச் சேவைகளோடு இணைக்கக்கூடாது. அரசு ஆவணங்களைக் காப்பதற்கெனத் தேசிய ஆவணக்காப்பகச் சட்டம் 2003 இருக்கிறது. அதன்படி நடப்பதே முறை. ஆனால், நாம் ஆக்கிய பயிற்றிகளையும் பாடத் துணைப்பொருள்களையும் முறைப்படி படியெடுத்து வைப்பதில் தவறில்லை. நாடு முழுவதும் பள்ளிகளில் பயன்பட்ட ‘ஃபுரோக்’ கற்றல் தளம் 2019இல் முடிவுக்கு வந்ததை நாம் அனைவரும் பார்த்தோம்.

மற்றொன்று, எல்லாவற்றையும் சேமிப்பதும் அறிவுடைமை ஆகாது. பிள்ளைகளின் அடையாள எண், மருத்துவக் குறிப்பு, குடும்ப வருமானம் போன்றவை தேவை முடிந்ததும் நீக்கப்பட வேண்டியவை. அவற்றைப் பென்டிரைவில் போட்டுப் பையில் சுமந்து திரிவது பெருந்தவறு. எது காக்கப்பட வேண்டும், எது அழிக்கப்பட வேண்டும் என்று பட்டியலிடுவதே முதல் வேலை.

நிறைவாக...

கட்டடம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். அந்த ஆறு மாதமும் எங்களுக்கு உறக்கமில்லை. பெற்றோர்கள் ஞாயிறுதோறும் நிதி திரட்டினர். முன்னாள் மாணவர்கள் சிங்கப்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பணம் அனுப்பினர். அவர்களுள் அந்தப் பழைய செயலாளரும் ஒருவர். 2024 பிப்ரவரியில், கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது, அடித்தளம் தோண்டப்பட்டது. இன்று அங்கே பாலர் வகுப்புப் பிள்ளைகள் அகரம் எழுதுகின்றனர்.

ஆயினும், என் மனத்தை உறுத்தும் ஒன்று இருக்கிறது. தோட்ட நிறுவனம் நல்லெண்ணம் கொண்டிருந்தது, கேட்டவுடன் கொடுத்தது. அந்தப் பெண்மணி, “அப்படிப்பட்ட கடிதம் எதுவும் இல்லை, ஐயா” என்று சொல்லியிருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? நிலம் வேறொருவருக்குக் கைமாறியிருந்தால்? கணினி ஆவணத்தைச் சான்றாக ஏற்க நம் நாட்டின் 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தில் 90ஏ பிரிவு இருக்கிறது. ஆனால், காட்டுவதற்கு ஆவணம் நம் கையில் இருந்தால்தானே சட்டம் உதவும்? நம் உரிமைக்கான ஒரே சான்று நில உரிமையாளரின் பேழையில் மட்டுமே இருந்தது. தோட்ட அலுவலகத்தில் ஒரு கிராணி செய்த வேலையை, அவர் மகன் பணியாற்றும் பள்ளி செய்யவில்லை.

பிள்ளைகளிடம், “எழுதிய பயிற்றியைப் பத்திரமாக வை” என்று நாள்தோறும் சொல்கிறோம். நாமும் அதைச் செய்வோம். இன்றே உங்கள் பள்ளியின் நிலக் கடிதம் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். கோப்பில் இருந்தால் நன்று. ‘மெயிலில் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், யாருடைய மெயிலில் என்று கேளுங்கள்.